சோம்பேறிக் கண்: ஆபரேஷனுக்காகக் காத்திருந்து இழக்கும் வருடங்கள்

வேலூர் பக்கம் ஒரு குழந்தைக்குச் சோம்பேறிக் கண் என்று டாக்டர் சொன்னதும், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஆபரேஷன் எப்போ பண்ணலாம்?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் பண்ணினால் பார்வை வந்துவிடும் என்று நம்பித்தான் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் பல குழந்தைகளின் நல்ல வயது வீணாகப் போகிறது.

பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயது வரைக்கும் குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வயதில் ஒரு கண் வேறு பக்கம் திரும்பியிருந்தாலோ, இரண்டு கண்ணுக்கும் பவர் அதிகம் வித்தியாசப்பட்டாலோ, கண்புரையோ தொங்கும் இமையோ வெளிச்சத்தை மறைத்தாலோ, அந்தக் கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. இதுதான் சோம்பேறிக் கண். வருடக்கணக்கில் ஒதுக்கினால், பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் எழுத்து தெளியாது. கற்றுக்கொள்ளாமல் விட்டது மூளை. அதனால் பயிற்சியும் மூளைக்குத்தான் வேண்டும். தசையைச் சரிசெய்யும் ஆபரேஷன் அந்தப் பயிற்சியைத் தராது.

அப்படியென்றால் மாறுகண் ஆபரேஷன் எதற்கு? ஒவ்வொரு கண்ணையும் அசைக்க 6 தசைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டை, வெள்ளை விழியில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து எடுத்துச் சற்றுப் பின்னால் தள்ளித் தைப்பார்கள், அல்லது குறுக்கித் தைப்பார்கள். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்று ஊரில் சொல்வது பொய். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்வார்கள்; பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில வாரங்கள் கண் சிவந்திருக்கும். சிலருக்கு இரண்டாவது முறையும் செய்ய வேண்டி வரலாம். இதில் கண் நேராகும், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய ஒரு வாய்ப்பு கிடைக்கும். மங்கிய பார்வை மட்டும் தானாகத் திரும்பாது. ஆகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு முதலில் கண்ணாடி, அப்புறம் நல்ல கண்ணை மூடும் ஒட்டு அல்லது சொட்டு மருந்து, கண் இன்னும் சாய்ந்தே இருந்தால் ஆபரேஷன் என்றுதான் டாக்டர்கள் போகிறார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் கண்ணாடியும் ஒட்டும் தொடரலாம். "கண்ணு நேராயிடுச்சே, இனி கண்ணாடி எதுக்கு?" என்று கழற்றி வைப்பதுதான் நான் அதிகம் பயப்படும் தவறு. முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்ணும் நேராக, அழகாக இருக்கும்; ஆனால் ஒன்று இன்னமும் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இனி அது தெரியவும் தெரியாது.

இன்னொன்று: சில குழந்தைகளுக்கு மாறுகண் ப்ளஸ் பவரால் மட்டுமே வருகிறது. சரியான கண்ணாடி போட்டால் கண் நேராகிவிடும், கழற்றினால் மறுபடி உள்ளே திரும்பும். இதைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி போட்டுத்தான் பிள்ளை கண் கெட்டுப்போச்சு" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. உண்மையில் கண்ணாடி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இந்தக் குழந்தைகளுக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம்.

அவசரப்பட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பிறவிக் கண்புரை ஒரு கண்ணில் அடர்த்தியாக இருந்தால், முதல் 6 வாரங்களுக்குள் எடுத்துவிடுவதுதான் நல்லது. குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருந்தால் மூளை அந்தக் கண்ணை விட்டுவிடும். கருவிழியை மூடுகிற அளவுக்கு இமை தொங்கினாலும் தள்ளிப்போடக் கூடாது. பிறந்த சில மாதங்களிலேயே கண் நன்றாக உள்ளே திரும்பி நிற்கும் குழந்தைகளுக்கு 2 வயதுக்குள் ஆபரேஷன் செய்யும் வழக்கம் உண்டு. அப்புறம், போட்டோவில் கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால், மாறுகண்ணோடு சேர்ந்தோ தனியாகவோ, உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடும் விஷயம் இல்லை.

பிறந்த முதல் இரண்டு மூன்று மாதம் குழந்தையின் கண் அவ்வப்போது அலைவது சாதாரணம்தான். 4 மாதத்துக்குப் பிறகும் சாய்ந்தால் காட்ட வேண்டும். "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்" என்று பாட்டிமார்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் மூன்று நான்கு வருடம் ஓடிவிடுகிறது. பவர் வித்தியாசத்தால் வரும் சோம்பேறிக் கண் இன்னும் மோசம், வெளியே எதுவுமே தெரியாது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டே பிள்ளை ஓடும், படிக்கும், டிவி பார்க்கும். வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குழந்தை எதையாவது கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கண்ணை உங்கள் உள்ளங்கையால் மூடுங்கள். பிறகு அடுத்த கண்ணை. ஒரு பக்கம் மூடும்போது பேசாமல் இருக்கிற குழந்தை, மறுபக்கம் மூடினால் மட்டும் அழுது கையைத் தள்ளிவிட்டால், மூடாத அந்தக் கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். தள்ளிவிடவில்லை என்பதற்காகக் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துவிடுவதே சரி. ஒரு பிள்ளைக்கு இருந்தால் தம்பி தங்கைகளையும் கூட்டிப்போங்கள்.

அந்தப் பரிசோதனையைக் கண்ணாடிக் கடை கம்ப்யூட்டரோடு முடித்துக்கொள்ளாதீர்கள். குழந்தையின் கண் சட்டென்று குவிந்து பவரை மறைத்துவிடும். சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரியவைத்து, குவியும் சக்தியைத் தளர்த்திய பிறகு பார்த்தால்தான் உண்மையான பவர் தெரியும். சில மணி நேரம், சில மருந்துகளில் சில நாள்கூட, கிட்டத்தில் மங்கலாக இருக்கும், வெயிலில் கண் கூசும். அதற்குப் பயந்து மருந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

கண்ணாடி வந்தாயிற்று. அது பள்ளிக்கு மட்டும் போட அல்ல. விழித்திருக்கும் நேரம் முழுவதும் போட வேண்டும். முதல் நான்கைந்து மாதம் கண்ணாடியாலேயே பார்வை படிப்படியாக ஏறும். சில குழந்தைகளுக்கு அதுவே போதும். மூக்கில் வழுக்கி இறங்கும் ஃப்ரேமாக இருந்தால் பிள்ளை மேல்வழியாகத்தான் பார்க்கும், பவர் எத்தனை சரியாக இருந்தும் பயனில்லை. காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் போட்டு இறுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுக்கு வருவோம். நல்ல கண்ணை மூடி, பலவீனமான கண்ணை வேலை வாங்குவதுதான் வைத்தியம். அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புக்கோ வேலைக்குப் போய்விட்டால், ஒட்டுவது பாட்டியின் பொறுப்பு. கெட்டிருக்கும் கண்ணுக்குத்தானே வைத்தியம் என்று அவர் சாய்ந்த கண்ணிலேயே ஒட்டிவிடுகிறார். மாதக்கணக்கில் இப்படி நடந்தால், சோம்பேறிக் கண்ணுக்கு இன்னும் ஓய்வு கொடுத்ததாகிவிடும். எந்தக் கண், எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சீட்டில் தமிழில் எழுதி வாங்கி, வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். சொட்டு மருந்துக்கும் இதே கதைதான். அட்ரோபின் என்ற அந்த மருந்தையும் நல்ல கண்ணில்தான் விட வேண்டும். அந்தக் கண்ணைக் கிட்டத்தில் மங்கவைத்து மற்றதைப் பார்க்கவைப்பதே அதன் வேலை. ஒட்டைப் பிடுங்கிப் போடும் குழந்தைகளுக்கு இது நல்ல மாற்று. மிதமான குறைபாட்டில் ஒட்டுக்குச் சமமான பலன் தருகிறது. பலருக்குச் சனி, ஞாயிறு மட்டும் விட்டாலே போதும். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, படபடப்பு வந்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். பாட்டில் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது, குடித்தால் ஆபத்து.

எத்தனை மணி நேரம்? நாள் முழுக்க ஒட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்க வேண்டாம். மிதமான குறைபாட்டுக்கு தினம் 2 மணி நேரம், 6 மணி நேரத்துக்குச் சமமாகப் பலன் தந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடுமையாக இருந்தால் 6 மணி நேரம். அளவுக்கு மீறினால் நல்ல கண்ணே மங்கவும் வாய்ப்புண்டு. அதனால்தான் குறித்த தேதியில் வரச் சொல்கிறார்கள்.

வேலூர் வெயிலில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் ஒட்டினால் அரை மணியில் வியர்வையில் ஓரம் பிரிந்துவிடும், தோலில் தடிப்பு வரும். பிரிந்த இடைவெளி வழியாக மூக்கோரம் தலையைச் சாய்த்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும். அப்படிப் பார்த்த நேரம் கணக்கில் சேராது. காலையில் முகம் துடைத்து, பவுடர் போடாமல், நெற்றிப் பக்கத்திலிருந்து அழுத்தி ஒட்டுங்கள். வீட்டில் ஆள் இருக்கும் காலையோ மாலையோ தேர்ந்தெடுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டும் துணி மறைப்பு, பக்கவாட்டில் இடம் விடாமல் இருந்தால் மட்டுமே பயன். ஒட்டிய நேரத்தில் கோலப் புள்ளி சேர்ப்பது, மணி கோர்ப்பது, வண்ணம் தீட்டுவது என்று பிள்ளைக்குப் பிடித்த வேலை எதையாவது கொடுத்தால் அழுகை குறையும்.

பார்வை வந்ததும் திடீரென்று நிறுத்துவதும் தவறுதான். நிறுத்திய முதல் வருடத்தில் ஏறக்குறைய 4 குழந்தைகளில் ஒன்றுக்குப் பார்வை மறுபடி குறைகிறது. நேரத்தைப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. பெரணமல்லூர், ஒடுகத்தூர் பக்கமிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரணி ரோடு ஷெல் கண் மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ அடிக்கடி வருவது கஷ்டம்தான். நடுவில் பக்கத்து ஊரிலேயே பார்வையை அளந்து காட்டலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். கேட்காமல் நின்றுவிடாதீர்கள்.

கண்ணில் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பார்வை திரும்பாது, கிருமி பட்டுக் கருவிழியில் புண் வந்தால் இருக்கிற பார்வையும் போகும். பெரியவர்கள் லாசிக் என்ற லேசர் ஆபரேஷன் பற்றிக் கேட்கிறார்கள். அது பவரை எடுக்கும், சோம்பேறிக் கண்ணைச் சரிசெய்யாது.

வயது தாண்டிவிட்டதே என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம். 7 வயதுக்குள் ஆரம்பிப்பது சிறந்தது. ஆனால் 12 வயது வரைக்கும் பலருக்குப் பலன் கிடைக்கிறது. முன்பு சிகிச்சையே எடுக்காத 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிலும் சிலருக்கு முன்னேற்றம் உண்டு. மாறுகண்ணை எந்த வயதிலும் நேராக்கலாம். கல்யாண வயதில் முகத்தை மறைத்துக் கூச்சப்பட்டு நடக்கும் பெண்ணுக்கு அந்த ஆபரேஷன் வெறும் அழகு விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது. பார்வை திரும்பாதவர்கள் நல்ல கண்ணைப் பாதுகாக்க வேண்டும். பவர் இல்லாவிட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்கும்போதும், பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடும்போதும், பட்டறை வேலையிலும்.