டீகாஸ் ஏறச் சொன்னால் ஏறு

ரிட்டயர் ஆகி நங்கநல்லூரில் உட்கார்ந்த பிறகும் விமானம் என்னை விடவில்லை. சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) தேர்வுக்குப் போகிற பையன்களும் பெண்களும் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டம்ளர் காபி. நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதாமல் இருப்பது எப்படி, பக்கத்தில் விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவியான டீகாஸ் கத்தினால் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரம். சென்னையிலிருந்து மும்பை போகும்போது 34,000, 36,000 என்று இரட்டைப்படையில் போவோம். திரும்பும்போது 35,000, 37,000. எதிரெதிரே வருகிற இரண்டு விமானங்களுக்கு நடுவே இருப்பது வெறும் 1,000 அடி. அதாவது, ஒரு எண்ணைத் தப்பாகக் கேட்டால் போச்சு. 1996 நவம்பர் 12 அன்று டெல்லி அருகே சர்க்கி தாத்ரியில், 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியது. 14,000 அடியில் சவூதி ஜம்போ. 349 பேர் போனார்கள்.

அதனால் தரையிலிருந்து வழிநடத்தும் கண்ட்ரோலர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது உயரத்தையும் உங்கள் விமான எண்ணையும் முழுசாகச் சொல்லுங்கள். நான் கோ-பைலட்டாக இருந்தபோது, கொல்கத்தாவிலிருந்து வரும் வழியில், எங்கள் கம்பெனியின் இன்னொரு விமானத்துக்குக் கொடுத்த இறக்கத்தை நமக்கென்று நினைத்துத் திருப்பிச் சொல்லிவிட்டேன். எங்கள் எண் 523, அவர்களுடையது 532. கேப்டனும் தலையாட்டிவிட்டு உயரக் குமிழைத் திருகிவிட்டார். 300 அடி இறங்குவதற்குள் கண்ட்ரோலர் பிடித்துக்கொண்டார். அன்று முதல் துளி சந்தேகம் வந்தாலும் இன்னொரு தரம் கேட்டுவிடுவேன். யார் சலித்துக்கொண்டால் என்ன?

கொடுத்த உயரத்தை நெருங்கும்போது, கடைசி 1,000 அடியில், நிமிடத்துக்கு 1,500 அடிக்கும் குறைவாக ஏறும் அல்லது இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் மேலேயோ கீழேயோ போகிறவரின் டீகாஸ் வீணாக அலறும். வங்கக் கடலுக்கு மேலே அனுமதி உள்ள பகுதிகளில் பாதையை விட்டு ஒன்று அல்லது இரண்டு மைல் வலதுபக்கம் ஒதுங்கிப் போகலாம், இடதுபக்கம் கூடாது. ஜி.பி.எஸ். வந்தபின் எல்லாரும் நூல் பிடித்தாற்போல் கோட்டின்மேலேயே பறக்கிறார்கள். உயரத்தில் யாராவது தப்பு செய்தால் அந்தத் துல்லியமே எமன்.

இவ்வளவும் தவறினால்தான் டீகாஸ். 'ட்ராஃபிக், ட்ராஃபிக்' என்றால் வெறும் எச்சரிக்கை. எதையும் திருப்பாதீர்கள், தயாராகுங்கள். 'க்ளைம்ப், க்ளைம்ப்' அல்லது 'டிசெண்ட், டிசெண்ட்' என்றால் அது உத்தரவு. விமானம் தானே செய்யாத ரகம் என்றால் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, ஐந்து விநாடிக்குள் மூக்கைத் திரையில் காட்டும் பச்சைப் பகுதிக்குள் கொண்டுவாருங்கள். இதமாகச் செய்யுங்கள், வெடுக்கென்று இழுத்தால் அடுத்த உயரத்தில் இருப்பவர் மடியில் போய் விழுவீர்கள். அப்புறம் ரேடியோவில் 'டீகாஸ் ஆர்.ஏ.' (டீகாஸ் உத்தரவு வந்திருக்கிறது) என்று மட்டும் சொல்லுங்கள். 'க்ளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்று கேட்ட பிறகு பழைய உயரத்துக்குத் திரும்பலாம். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), தரை நெருங்குவது ஆகிய எச்சரிக்கைகள் வந்தால் மட்டும் அவற்றுக்கே முதலிடம்.

கண்ட்ரோலர் வேறு மாதிரி சொன்னால்? டீகாஸைத்தான் கேட்க வேண்டும். இரண்டு விமானங்களின் பெட்டிகளும் தங்களுக்குள் பேசி, ஒருவருக்கு மேலே, மற்றவருக்குக் கீழே என்று பிரித்துக்கொள்கின்றன. அந்தப் பேச்சில் கண்ட்ரோலர் இல்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் அருகே ரஷ்ய விமானத்தின் டீகாஸ் ஏறச் சொன்னது, கண்ட்ரோலர் இறங்கச் சொன்னார். அவர்கள் இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் டீகாஸ் பேச்சைக் கேட்டு இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர் இறந்தார்கள்.

அதனால் மாடியில் பழகுகிறோம். நான் திடீரென்று கத்துவேன். அவர்கள் கையை நீட்டி, இல்லாத பட்டனை அழுத்தி, ஐந்துக்குள் செய்து காட்ட வேண்டும். போன வாரம் ஒரு பையன், "கண்ட்ரோலரைக் கேட்டுக்கலாமா அங்கிள்?" என்றான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.