பள்ளியில் 28 புள்ளி அடிக்கும் பையன் கல்லூரியில் தேறுவானா? மதிப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். அந்த மாதங்களில் என் மாலைப் பொழுதுகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி ஜிம்மில்தான் கழியும். சிறிய கல்லூரிகளின் கோச்களுக்காக ஆட்டங்களைப் பார்த்து, யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று அறிக்கை எழுதித் தருவது என் வேலை. சமீப காலமாக, இந்த வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர்கள் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் எழுதுவதை எட்டிப் பார்த்தால், நாங்கள் புதிதாக வந்தபோது எழுதிய அதே வரிகள்.

ஹைலைட் வீடியோவை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, பையனின் அப்பா சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களைத்தான் எழுதுகிறேன். நான் பார்ப்பது ஆண்கள் ஆட்டம், ஆகவே கீழே வரும் அளவுகளும் அதற்கு உரியவை.

ஒன்றை மனதில் வையுங்கள். அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்கள் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களில் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) கல்லூரி அணி எதிலாவது இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். அதன் மேல்தட்டான டிவிஷன் 1 என்றால் நூற்றுக்கு ஒருவர். நாம் எழுதும் அரைப்பக்கத்தை நம்பி ஒரு குடும்பம் ஊர் மாறுகிறது, கடன் வாங்குகிறது.

பள்ளியில் நின்ற இடத்திலேயே கல்லூரியிலும் நிற்பான் என்று நம்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த ஒரு தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு சாதாரணப் பள்ளி அணியில் 6 அடி 4 அங்குலம் இருப்பவன்தான் எல்லோரையும் விட உயரம் என்றால், கோச் அவனை ரிங்கை ஒட்டி ஆடும் சென்டராகப் போர்டுக்குக் கீழே நிறுத்திவிடுவார். எதிரணியின் உயரமான பையன் 6 அடி 1 அங்குலம்தான் இருப்பான். பந்தை மேலே தூக்கிக் கொடுத்தால் போதும், நம் பையன் பிடிப்பான், திரும்புவான், போடுவான். தவறினால் திரும்பி வரும் பந்தையும் (ரீபவுண்ட்) அவனே எடுத்து மறுபடி போடுவான். பள்ளி ஜெயிக்கும், உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வரும்.

டிவிஷன் 1 கல்லூரிகளில் சென்டர்கள் பெரும்பாலும் 6 அடி 9 அங்குலத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பார்கள். அங்கே 6 அடி 4 அங்குலம் என்பது, வெளியே நின்று பந்தைக் கையாளும் கார்டின் உயரம். டிவிஷன் 2, 3 என்று இறங்கினாலும் இந்த இடைவெளி குறையுமே தவிர மறைந்துவிடாது. ஆக அந்தப் பையன் கல்லூரிக்குள் நுழைந்ததும் அவனை வெளிவட்டத்துக்குத் தள்ளுவார்கள். அங்கே அவன் செய்ய வேண்டியவை எல்லாம் பள்ளியில் ஒருநாளும் செய்யாதவை: நெருக்கடியில் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வருவது, தன்னைவிட வேகமான ஒருவனை ரிங்கிலிருந்து இருபதடி தள்ளிக் காலால் மறிப்பது, ஓடிவந்து பிடித்த வேகத்தில் ஷாட் எடுப்பது. பள்ளி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரியில் அது 22 அடி 1¾ அங்குலம். அவனோ பழைய கோட்டிலிருந்தே எறிந்து பழகாதவன்.

சில ஆண்டுகளுக்கு முன் டெக்சஸில் ஒரு சிறிய ஊர் ஜிம்மில் நடந்தது. என்னோடு வந்த தம்பி ஒருவன், நம் ஊர்ப் பையன்தான், கல்லூரி அணி ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வருடம். ஆட்டம் முடிந்ததும் துள்ளிக் குதித்தான். "அண்ணா, இவனை விடவே கூடாது. 28 பாயின்ட், 15 ரீபவுண்ட்!"

"அந்த 28-ல ரிங்கை விட்டு ஆறடி தள்ளி நின்னு போட்டது எத்தனை?"

நோட்டைப் புரட்டினான். ஒன்றுமில்லை.

"ரெண்டு தடவைக்கு மேல பந்தைத் தட்டினது?"

அதுவும் இல்லை.

"வெளியே வந்து யாரையாவது தனியா மறிச்சானா?"

எதிரணி அவனை வெளியே இழுக்கவே இல்லை, அதனால் அந்தக் கேள்விக்கு நோட்டில் பதிலே கிடையாது. அன்றைய ஆட்டத்தில் நாங்கள் பார்த்தது ஒரு பையனின் உயரத்தை மட்டும்தான். கல்லூரியில் அவன் செய்யப்போகும் வேலையில் ஒரு துளியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

வேறொரு கல்லூரி அவனை எடுத்துக்கொண்டது. முதல் வாரப் பயிற்சியிலேயே வெளிவட்டத்துக்கு அனுப்பினார்கள். இடது கையால் பந்தைத் தட்ட வரவில்லை, எதிரே நிற்பவனின் முதல் அடிக்கே பின்தங்கினான். இரண்டு வருடம் பெஞ்சில் இருந்துவிட்டு ஆட்டத்தையே விட்டான். சோம்பேறிப் பையன் இல்லை அவன். பள்ளியில் ஒவ்வொரு கோடையிலும் போஸ்டில், அதாவது ரிங்கை ஒட்டிய இடத்தில், நின்று கொக்கி ஷாட் பழகியவன். "உன் உயரத்துக்கு நீ கார்டாகத்தான் ஆட முடியும், இந்தக் கோடையிலிருந்து பந்தைத் தட்டப் பழகு" என்று பதினைந்து வயதில் ஒரே ஒரு பெரியவர் சொல்லியிருந்தால் அவனுக்கு மூன்று கோடைகள் கிடைத்திருக்கும். பள்ளிக் கோச்சுக்கு அந்த வருட வெற்றி வேண்டியிருந்தது. பார்க்கப் போனவர்கள் புள்ளிகளை எழுதிக்கொண்டு வந்தார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, சீக்கிரம் வளர்ந்துவிடும் பையன்கள். பதினான்கு வயதில் மீசையும் அகன்ற தோளுமாக நிற்பவன் அந்த வயது ஆட்டத்தில் எல்லோரையும் இடித்துத் தள்ளுவான். பதினெட்டில் மற்றவர்களும் அவன் அளவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு வகுப்பில் வேண்டுமென்றே கூடுதலாக ஒரு வருடம் இருந்துவிட்டு, பத்தொன்பது வயதில் பதினாறு வயதுக்காரர்களோடு மோதுகிறவர்களும் உண்டு. எனவே பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடத்தையும் மாதத்தையும் கட்டாயம் எழுதுங்கள். அப்பா அம்மாவைப் பார்க்க முடிந்தால் பாருங்கள், கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்தான் என்று கேளுங்கள்.

தாமதமாக வளர்ந்தவனின் கதை நேர்மாறு. சிகாகோவில் படித்த ஆண்டனி டேவிஸ் பள்ளியின் தொடக்க வருடங்களில் 6 அடியை ஒட்டிய உயரத்தில் இருந்த கார்டு. பள்ளி முடியும்போது 6 அடி 10 அங்குலம். உடல் வளர்ந்தபோது கார்டாகக் கற்ற கைவேலையும் கூடவே வந்தது. 2012 என்சிஏஏ இறுதியாட்டத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காக அவர் எடுத்த பத்து ஷாட்டில் ஒன்றுதான் விழுந்தது, மொத்தம் 6 புள்ளி. ஆனால் 16 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிட்டது), 5 அசிஸ்ட் (தோழன் போடுவதற்குப் பந்து கொடுத்தது). கென்டக்கி கோப்பையை வென்றது, இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அன்று புள்ளிகளை மட்டும் எழுதிக்கொண்டு போனவர் எதைப் பார்த்திருப்பார்?

உயரம் குறைந்த உள்வட்ட வீரர்கள் தேறியதே இல்லையா என்று கேட்பீர்கள். தேறியிருக்கிறார்கள். டிரேமண்ட் கிரீன் 6 அடி 6 அங்குலம்தான், மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியில் நான்கு வருடம் ஆடினார். உள்ளே பந்தைப் பிடித்தால் எந்தத் தோழன் காலியாக நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எந்த உயரக்காரனையும் மறிக்கும் அறிவும் இருந்தது. டியூக்கின் சயான் வில்லியம்சனும் அதே உயரம். அவருடைய எம்பலையும் எடையையும் சேர்த்து வேறொருவரிடம் நீங்கள் பார்க்கப்போவதில்லை. உங்கள் பையனை விதிவிலக்கு என்று எழுதுவதற்கு முன், எந்தத் திறமை அவனை விதிவிலக்காக்குகிறது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அவன் விதிவிலக்கில்லை.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பே போய்விடுவேன். உயரமான பையன் வார்ம்-அப்பில் கார்டுகளோடு சேர்ந்து பந்தைத் தட்டுகிறானா, போர்டுக்குக் கீழேயே நிற்கிறானா என்று பார்ப்பேன். ஆட்டத்தில் கல்லூரியில் அவனுக்கு வரப்போகும் வேலையைச் செய்த கணங்களை மட்டும் தனியாகக் குறிப்பேன். அப்படி ஒன்றுமே அமையவில்லை என்றால் "பார்க்கக் கிடைக்கவில்லை" என்று எழுதுவேன், தேறுவான் என்றோ மாட்டான் என்றோ எழுதமாட்டேன். பிறகு கோடைகால கிளப் ஆட்டத்துக்குப் போவேன். அங்கே அவனைவிட உயரமானவர்கள் இருப்பார்கள், அதனால் அவனை வெளியே ஆடவிட்டிருப்பார்கள்.

யாருக்கு எதிராக அடித்தான் என்று கேட்காதது

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பலவீனமான மாவட்டத்தில் ஆடும் பையனின் சராசரி அப்படித்தான் இனிக்கும்.

சீசன் அட்டவணையை எடுத்து, அந்தப் பள்ளி எதிர்கொண்ட இரண்டு மூன்று வலுவான அணிகளைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆட்டங்களின் முழுப்பதிவைப் பாருங்கள், முடிந்தால் வெளியூரில் நடந்ததை. பள்ளி ஆட்டம் 32 நிமிடம், கல்லூரி ஆட்டம் 40. கல்லூரியில் 30 வினாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். பள்ளியில் பல மாநிலங்களில் ஷாட் கிளாக்கே கிடையாது. நிதானமாக நின்று யோசித்து ஆடியவன் அவசரத்தில் என்ன செய்வான் என்பதை வலுவான எதிரணிதான் காட்டிக்கொடுக்கும்.

இப்போது இது முன்பைவிட முக்கியம். 2021-லிருந்து வீரர்கள் ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. 2024-லிருந்து எத்தனை முறை மாறினாலும் அப்படியே. அதனால் பல கோச்கள் பள்ளிப் பையனை எடுப்பதை விட்டுவிட்டு, வேறு கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் ஆடி முதிர்ந்தவனைத் தேடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் இருபத்திரண்டு வயது ஆளோடு இடத்துக்காக மோத வேண்டியிருக்கிறது. பள்ளியிலேயே உடல் பலத்தால் மட்டும் ஜெயித்தவனுக்கு அங்கே கையில் ஒன்றும் மிஞ்சாது.

மூன்று புள்ளி சதவீதத்தை அப்படியே எழுதுவது

சீசன் முழுவதும் முப்பது முறை எறிந்து பதின்மூன்று விழுந்தால் 43 சதவீதம். அடுத்த முப்பதில் எட்டுதான் விழலாம். இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து யாரையும் ஷூட்டர் என்று சொல்ல முடியாது.

ஃபவுலுக்குப் பிறகு தனியாக நின்று எறியும் ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் என்பிஏ என்ற தொழில்முறை லீக்கிலும் அந்தக் கோடு ஒரே தூரம், 15 அடி. மறிக்க ஆளில்லை, எண்ணிக்கையும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். 80 சதவீதம் போடுகிறவனின் கை சரியாக இருக்கிறது என்று பொருள், தூரத்தைப் பயிற்சியில் கூட்டிக்கொள்ளலாம். 55 சதவீதம் போடுகிறவன் மூன்று புள்ளியில் 40 வைத்திருந்தால் நான் அந்த 40-ஐ நம்புவதில்லை.

நட்சத்திரங்களை எண்ணுவது

பள்ளி வீரர்களைத் தரம் பிரிக்கிறவர்கள் ஐந்து நட்சத்திரம் வரை போடுவார்கள். டேமியன் லில்லார்டுக்கு இரண்டுதான் போட்டிருந்தார்கள். வீபர் ஸ்டேட் கல்லூரியில் ஆடிவிட்டு, என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் ஆறாவதாகப் போனார்.

பெரிய கோர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

2016-ல் மரே ஸ்டேட் கல்லூரியின் துணைக் கோச் ஜேம்ஸ் கேன் தென் கரோலினாவில் ஒரு முகாமுக்கு வேறொரு பையனைப் பார்க்கப் போனார். இடையில் தின்பண்டம் வாங்க எழுந்தவருக்குப் பக்கத்து ஜிம்மில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். உள்ளே ஆடிக்கொண்டிருந்தவர் ஜா மொரான்ட். 2018-19 சீசனில் அவர் சராசரியாக 24.5 புள்ளியும் 10 அசிஸ்டும் எடுத்தார், 2019 டிராஃப்டில் இரண்டாவதாகப் போனார்.

எல்லாக் கோர்ட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

பட்டியலில் உள்ள உயரத்தை எழுதுவது

பெரும்பாலும் ஷூவோடு அளந்தது அது. நின்றபடி கையை உயர்த்தினால் விரல்நுனி எங்கே எட்டுகிறது என்று கேளுங்கள்.

மார்க் பட்டியலைக் கடைசியில் கேட்பது

முதலில் கேளுங்கள். டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் சராசரி நான்குக்கு 2.3-க்குக் குறையக்கூடாது. அந்தப் பதினாறில் பத்தைக் கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பையனுக்குப் பதினொன்றாம் வகுப்பு முடிந்த பிறகு போய்க் கேட்டால் சரிசெய்ய நேரம் இருக்காது.

பெஞ்சுக்குப் போனவனிடமிருந்து கண்ணை எடுப்பது

பள்ளியில் நட்சத்திரமாக இருந்தவன் கல்லூரியின் முதல் வருடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருப்பான். அது அவனுக்குப் புதிது. எப்படித் தாங்குவான் என்பதற்குப் பள்ளியிலேயே தடயம் கிடைக்கும், நாம்தான் அந்த நேரத்தில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

டேவிட்சன் கல்லூரியின் கோச்சாக இருந்த பாப் மெக்கிலப், பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டெஃபன் கரியை லாஸ் வேகாஸில் ஒரு கோடைப் போட்டியில் பார்த்தபோது பையன் மிக மோசமாக ஆடினான். பந்தை இழந்தான், ஷாட்கள் தவறின. ஆனால் யார்மீதும் பழி போடவில்லை, பெஞ்சிலிருந்து தோழர்களை உற்சாகப்படுத்திக்கொண்டே இருந்தான். அவனுடைய அப்பா ஆடிய வர்ஜீனியா டெக் ஸ்காலர்ஷிப் தரவில்லை, டேவிட்சன் தந்தது. 2008 என்சிஏஏ போட்டியில் கரியோடு கன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் மூன்றையும் வீழ்த்தி அந்தச் சிறிய கல்லூரி கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது.

இந்திய வம்சாவளி வருண் ராம் 5 அடி 9 அங்குலம். டிவிஷன் 3 கல்லூரி ஒன்றிலிருந்து மேரிலாண்டுக்கு மாறி, ஸ்காலர்ஷிப் இல்லாமலே அணியில் சேர்ந்தவர். ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். 2015 மார்ச்சில் வால்பரைசோவுக்கு எதிரான என்சிஏஏ ஆட்டத்தின் கடைசி வினாடிகளில் மேரிலாண்ட் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தபோது, எதிரணியின் கார்டை மறிக்க அவரைத்தான் இறக்கினார்கள். அந்த ஆளால் ஷாட்டே எடுக்க முடியவில்லை. 65-62. பள்ளிப் புள்ளிப்பட்டியலை வைத்து இப்படியொரு வீரரைக் கண்டுபிடிக்க முடியாது.

பையன் மூன்றாவது ஃபவுல் வாங்கிப் பெஞ்சுக்குப் போகும் ஆட்டம் அமைந்தால், அதை விட்டு எழுந்துவிடாதீர்கள். டைம்-அவுட்டில் கோச்சின் முகத்தைப் பார்க்கிறானா, தனக்குப் பதில் இறங்கியவனிடம் ஏதாவது சொல்கிறானா, மறுபடி இறங்கியதும் டிஃபென்ஸில் காலை நகர்த்துகிறானா, பயந்து ஒதுங்குகிறானா என்று வரிசையாக எழுதுங்கள். மறுநாள் பள்ளிக் கோச்சைக் கூப்பிட்டு, பயிற்சியில் அவன் யாரோடு ஜோடி சேர விரும்புகிறான் என்று கேளுங்கள். அணியின் மிகச் சிறந்த டிஃபெண்டரின் பெயரைச் சொன்னார் என்றால் இன்னொரு ஆட்டத்துக்கும் போய்ப் பாருங்கள்.