கோடையில் ஆறு வாரக் கணித ஆய்வு: கல்லூரி ஆசிரியர்களுக்கு

பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பலர், விடை தெரியாத கணக்கு ஒன்றைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். அதைக் காட்ட ஒரு கோடை விடுமுறை போதும். மூன்று, நான்கு மாணவர்களோடு நிறுத்துங்கள். ஐந்தாமவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

பெரும்பாலும் சறுக்குவது கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில். உங்கள் பிஎச்.டி. தலைப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால், வரையறைகளைப் படித்து முடிக்கவே ஐந்து வாரம் ஓடிவிடும். முதல் நாள் மாலைக்குள் தாளும் பேனாவுமாகக் கணக்கில் இறங்க முடியவேண்டும்.

உதாரணத்துக்கு, பிபோனாச்சி எண்களை (0, 1 என்று தொடங்கி, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது) 3-ஆல் வகுத்தால் மீதிகள் 0, 1, 1, 2, 0, 2, 2, 1. பிறகு மறுபடி 0, 1. சுழற்சியின் நீளம் 8. 10-ஆல் வகுத்தால் 60. மற்ற எண்களுக்கு? இதன் பெயர் பிசானோ காலம் என்பதை மூன்றாம் வாரம் வரை சொல்லாதீர்கள். சொன்னால் அன்றிரவே கூகுளில் தேடிவிடுவார்கள்.

முதல் வாரம் 2 முதல் 12 வரை கையால். இரண்டாம் வாரம் பைத்தான் நிரல்மொழியில் 1000 வரை. மூன்றாம் வாரம் ஊகம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. 3 அல்லது 7-இல் முடியும் பகா எண்களைப் பாருங்கள்: 3, 7, 13, 17, 23, 37, 43 எல்லாவற்றுக்கும் நீளம், எண்ணோடு 1 கூட்டி இரட்டித்தால் வருவதுதான். 47-க்கு 96 வரவேண்டும், வருவது 32. கணினியைத் தொடாமல் 43-இலேயே அட்டவணையை நிறுத்தியவர் தவறான தேற்றத்தை நிரூபிக்க உட்கார்ந்துவிடுவார். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். 32 என்பது 96-ஐ மீதியின்றி வகுக்கும் என்பதை அவர்களே பார்க்கட்டும்.

நான்காம், ஐந்தாம் வாரங்கள் நிரூபணத்துக்கு. அடுத்தடுத்த மீதி ஜோடிகள் எண்ணிக்கையில் அடங்கியவை என்பதால் ஏதோ ஒரு ஜோடி திரும்ப வரும். இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். சுழற்சி ஏன் 0, 1-இலேயே தொடங்கவேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். ஒரு மீதியிலிருந்து அதற்கு முந்தையதைக் கழித்தால் அதற்கும் முந்தையது கிடைக்கும், அப்படியே பின்னோக்கிப் போகலாம் என்பது அதற்கு விடை. வேகமானவருக்கு ஒரு கேள்வி: பகா எண்ணுக்கும் அதன் வர்க்கத்துக்கும் ஒரே நீளம் வருமா? 1960-இல் கணிதவியலாளர் டி. டி. வால் எழுப்பியது, அப்படி ஒரு பகா எண் இதுவரை அகப்படவில்லை.

எழுத்து வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் வெள்ளியிலிருந்தே வாரம் ஒரு பக்கம் லேடெக்கில் (கணிதம் அச்சுக்கோக்கும் மென்பொருள்), இருபது நிமிடம் கரும்பலகையில்.

அடுத்த கோடைக்கு வெளியே அனுப்பலாம்: 1993 முதல் நடக்கும் நான்கு வார எம்டிடிஎஸ் (கணிதப் பயிற்சி, திறன் தேடல்) முகாம், இந்திய அறிவியல் அகாடமிகளின் இரண்டு மாத ஆய்வு உதவித்தொகை. பரிந்துரைக் கடிதத்தில் “ஒழுக்கமான மாணவர்” என்று எழுதினால் யாரும் மதிக்கப்போவதில்லை. 47-இல் ஊகம் உடைந்ததும் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.