நுங்கு வண்டி சக்கரம் கழண்டுக்கிட்டே இருந்தா இப்படி பண்ணிப் பாருங்க

லீவு விட்டாச்சு, ஏப்ரல் மே மாசம்னா ரோட்டோரமெல்லாம் நுங்கு குவிஞ்சு கிடக்கு, தின்னு முடிச்ச காயைத் தூக்கிப் போடாம பொண்ணுக்கு ஒரு வண்டி செஞ்சு குடுத்தேன். ரெண்டு காய், நடுவுல ஒரு ஜாண் குச்சி, தள்றதுக்கு நீளமா ஒரு கவட்டைக் குச்சி, அவ்வளவுதான் சாமான். ஆனா தெரு முனை தாண்டுறதுக்குள்ள ஒரு சக்கரம் கழண்டு சாக்கடைப் பக்கம் ஓடிடும், இவ ஒரே அழுகை.

பார்த்தா காய் வாட வாட ஓட்டை லூஸாயிடுது. அதனால குச்சியோட ரெண்டு முனையிலயும் பழைய காட்டன் துணியை இறுக்கி சுத்தி, காயோட அடிப்பக்கத்துலேர்ந்து (கண்ணு இருக்கற பக்கம் வெளிய பார்க்கணும்) தட்டித் தட்டி ஏத்திட்டேன். காயும் குச்சியும் சேர்ந்தே சுத்தணும், கவட்டை மட்டும்தான் குச்சி மேல உரசணும், இதான் மெயின் மேட்டரே. உரசுற இடத்துல ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டா சத்தமே இல்லாம ஓடுது.

கவட்டை அப்படி இப்படி நகர்ந்து சக்கரத்துல இடிச்சா, அது ரெண்டு பக்கமும் குச்சியில ரப்பர் பேண்டை தடிமனா சுத்தி விடுங்க. ஓட்டை போடற கத்தி வேலை மட்டும் நம்மளே பண்ணணும், துணி சுத்துறது எண்ணெய் விடறதெல்லாம் பிள்ளைங்க கையில குடுத்துடலாம். காய் ரொம்ப காஞ்சு வெடிச்சா குச்சியை வச்சுக்கிட்டு காயை மட்டும் மாத்துங்க, நுங்குக்கா பஞ்சம் இந்த சீசன்ல!