உப்புப் பூத்த சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: என் அனுபவம்

கீழக்கரையில் எங்கள் பழைய காரை வீட்டுச் சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து உதிர்ந்தது. பிற்காலத்தில் மேலே அடித்த சிமெண்ட் பூச்சுதான் காரணம். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். காயும்போது அதிலுள்ள உப்பு படிகமாகிச் செங்கல்லையே அரிக்கும். மறுபடி சிமெண்ட் பூசினால் ஈரம் இன்னும் மேலே ஏறும், பணமும் வீண்.

அதனால் சுண்ணாம்புப் பூச்சுக்கு மாறினேன். வேலையை மாசியில் ஆரம்பித்தால் ஐப்பசி மழைக்குள் சுவர் இறுகிவிடும். கையில் உள்ள காசுக்கு ஏற்ப ஒவ்வொரு சுவராகச் செய்யலாம். ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டினேன். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த நார் பிரஷால் தட்டி, அள்ளி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பும். சில வாரம் வெறும் செங்கல்லாக விட்டு, பூக்கப் பூக்கத் தட்டினேன். பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

பூச்சுக் கலவைக்குத் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்றுமணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊறணும். நீறாத கட்டி இருந்தால் பூச்சு பின்னால் கொப்பளித்துத் தெறிக்கும். கடற்கரை மணலும் உவர்ப்பான போர் தண்ணீரும் கூடவே கூடாது. கலவைக்கும் நனைப்புக்கும் குடிதண்ணீர்தான். ஒரு தடவைக்கு அரை அங்குலம் போதும். நகம் பதியாத அளவு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடித்தால் பூச்சு நூல் நூலாக வெடிக்கும், ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள்.

மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் ஈரம் மறுபடி அடைபடும்.