விற்பனைக்கு வராத வீட்டின் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் தெருக்கள், கும்பகோணத்துக் குளக்கரைத் தெருக்கள், ஸ்ரீரங்கம் என்று எங்கே வீடு தேடினாலும் ஒரே கதைதான். ‘விற்பனைக்கு’ என்று போர்டு மாட்டிய வீடு ஒன்றுகூடக் கிடைக்காது. ஆனால் அதே தெருவில் நாலு வீடு பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். விற்பதா வேண்டாமா என்று வீட்டில் யாரும் பேச்சே எடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சை எடுக்க வைப்பதுதான் உங்கள் கடிதத்தின் வேலை. விலை பேசுவதெல்லாம் அப்புறம்.

1. வீடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பக்கத்து வீட்டில் ஆரம்பியுங்கள். பூட்டிய வீட்டின் சாவி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தெருமுனை இஸ்திரிக்காரருக்கும் விவரம் தெரிந்திருக்கும். ‘வீடு வாங்க வந்திருக்கிறேன்’ என்று எடுத்த எடுப்பில் சொல்லாமல், ‘இந்தத் தெருவில் குடிவர ஆசை, யாரைக் கேட்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். தானாகப் பேசுவார்கள்.

வாய்வழித் தகவலைப் பிறகு காகிதத்தில் சரிபார்க்க வேண்டும். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமான விவரங்கள்) கட்டணமில்லாமலே பார்க்கலாம். பட்டா விவரத்துக்கு வருவாய்த்துறையின் இ-சேவைத் தளம் இருக்கிறது. சர்வே எண் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் அவருடைய பத்திரத்தில் நான்கெல்லைப் பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு’ என்று எழுதியிருக்கும் அந்த ‘இன்னார்’தான் நீங்கள் தேடுபவர், அல்லது அவருடைய அப்பா.

கோயில் ஊர்களில் இன்னொன்றையும் பாருங்கள். ஸ்ரீரங்கம் மாதிரி இடங்களில் அடிமனைப் பிரச்சினை உண்டு. கட்டடம் ஒருவருடையது, மண் கோயிலுடையது என்ற நிலை இருந்தால், கடிதம் எழுதும் முன்பே வக்கீலைப் பார்ப்பது நல்லது.

2. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எத்தனை பேர்?

புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். வில்லங்கச் சான்றில் இருப்பவர் எப்போதோ காலமாகியிருக்கலாம். வாரிசுகளின் பெயர் அதில் தானாக ஏறாது. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் மகள்களுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்குச் சம உரிமை தந்து தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகவே மூத்த அண்ணனுக்கு மட்டும் எழுதிவிட்டு உட்காராதீர்கள். திருச்சியில் கட்டிக்கொடுத்த தங்கைக்கும் அதே கடிதம் போகட்டும். அண்ணன் சரி என்ற பிறகு, ‘எனக்கு யாரும் சொல்லவே இல்லையே’ என்று தங்கை முகம் சுளித்தால் வீடு இன்னும் பல வருடம் பூட்டித்தான் கிடக்கும்.

3. கடிதத்தை எழுதுங்கள்

ஒரு பக்கம், தமிழில், கையால். வாட்ஸ்அப்பில் வந்தால் புரோக்கர் செய்தி என்று தள்ளிவிடுவார்கள். கையெழுத்துக் கடிதத்தை அக்கா தங்கைக்குப் படித்துக் காட்டுவார்கள். ஒரு மாதிரி:

*மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,*

*வணக்கம். நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் பெற்றோர், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். உங்கள் தெருவில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிக் குடியிருக்க ஆசைப்படுகிறோம். உங்கள் குடும்பத்து வீட்டைக் கொடுக்கும் எண்ணம் உங்களுக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் தொந்தரவுக்கு மன்னியுங்கள். என்றைக்காவது அப்படித் தோன்றினால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் புரோக்கர் இல்லை; நாங்கள் குடியிருக்கத்தான் கேட்கிறேன். உங்கள் சகோதரிக்கும் இதே கடிதத்தை அனுப்பியிருக்கிறேன்.*

கீழே பெயர், முகவரி, கைபேசி எண். அவ்வளவுதான்.

விலை எழுதலாமா? என் கட்சி, கூடாது. குறைவாக எழுதினால் கோபம் வரும், கூடுதலாக எழுதினால் அதுவே தரை விலையாகிவிடும். ‘வீடு பாழாகிக் கிடக்கிறதே’ என்றும் எழுதாதீர்கள். அது அவர்கள் அம்மா கோலம் போட்ட வாசல். முற்றத்தை இடிக்க மாட்டேன் என்று எழுதுவதானால், உண்மையிலேயே இடிக்காதவராக இருங்கள்.

4. அனுப்பும் நேரம்

ஆடியிலும் மார்கழியிலும் போய்ச் சேர்ந்தால் கடிதம் அலமாரிக்குள் போய்விடும். தை, அல்லது ஆவணிக்குப் பிறகு நல்லது. பொங்கலுக்குக் குடும்பம் ஊரில் கூடும் வழக்கம் இருந்தால், சாவி வைத்திருப்பவர் கையில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். மற்றவர்களுக்கு ஸ்பீட் போஸ்ட்.

5. போன் வந்தால்

முதல் அழைப்பு பெரும்பாலும் ‘நீங்கள் யார், எந்த ஊர்?’ என்ற விசாரணைதான். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். நேரில் பார்க்கக் கூப்பிட்டால் மனைவியையோ அம்மாவையோ அழைத்துப் போங்கள். விலைப் பேச்சு வரும்போது, பத்திரச் செலவாக 9 சதவீதம் (முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2) உங்கள் தலையில் விழும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இரண்டு விஷயம். உள்நாட்டுக்காரரிடம் வாங்கினால், விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால்தான் அவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீத வருமான வரியைப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரிடம் அந்த வரம்பு கிடையாது, விகிதமும் மிக அதிகம். பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது, ஆகவே ஆடிட்டரை முன்கூட்டியே பாருங்கள். அடுத்து, அவர் அங்கிருந்தே பொது அதிகாரப் பத்திரம் (தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்துப் போடலாம் என்ற ‘பவர்’) அனுப்பினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

வாரிசுச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் வக்கீல் பார்க்கும்வரை அட்வான்ஸ் வேண்டாம். ‘ஒரு டோக்கன் மட்டும்’ என்றாலும் வேண்டாம். ஒப்பந்தம் போட்டால் பதிவு செய்து போடுங்கள்.

6. பதிலே வராவிட்டால்

அடுத்த தையில் ஒரு கடிதம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது கடிதம் தொந்தரவு. வீட்டு வாசலில் போய் நிற்பது அதைவிடத் தொந்தரவு. இதற்கிடையில் அதே தெருவில் பூட்டிக் கிடக்கும் மற்ற மூன்று வீடுகளுக்கும் எழுதிவிடுங்கள். ஆனால் ஒரே கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பாதீர்கள். ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள், எந்த ஊரில் இருந்தாலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.