புதுக் காரின் முன்கண்ணாடியில் கல் பட்டால்: வீட்டிலேயே அடைக்கும் முறை

எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மதுராந்தகம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு டிப்பர் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். முன்கண்ணாடியின் இடப்பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம். வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டு, "திருஷ்டி கழிஞ்சுதுன்னு விடு" என்றார். எனக்கோ உடனே கண்ணாடியையே மாற்றிவிட வேண்டும்போல இருந்தது. நல்லவேளை, மாற்றவில்லை.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தொழிற்சாலையில் பொருத்திய கண்ணாடியை முடிந்தவரை கழற்ற விடாதீர்கள். அங்கே ஒட்டிய நேர்த்தி வெளியில் ஒட்டும்போது எல்லா இடத்திலும் கிடைக்காது. சின்னக் குழி என்றால் அடைத்துவிட்டு ஓட்டலாம்.

முதலில், அந்த வெள்ளைப் புள்ளி என்ன?

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பி.வி.பி. என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம். அந்தப் படலத்தின் தடிமன் பொதுவாக 0.76 மி.மீ. கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் உடையும். படலமும் உள்தகடும் தப்பித்துவிடும். பக்கவாட்டுக் கண்ணாடி அப்படி இல்லை. அது உடைந்தால் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டிவிடும், அடைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் முன்கண்ணாடிக்கு மட்டும்.

வெள்ளையாகத் தெரிவது உடைப்புக்குள் புகுந்த காற்று. கண்ணாடியில் நேராகப் போகும் ஒளி, காற்று இருக்கும் இடத்தில் சிதறுகிறது. அந்தக் காற்றை எடுத்துவிட்டு, ஒளியைக் கிட்டத்தட்ட கண்ணாடி போலவே வளைக்கும் ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் ஒரு தெளிவான பிசினை, நிரப்பினால் புள்ளி மங்கிவிடும், விரிசலும் நகராது. முழு வேலையும் இவ்வளவுதான். காற்றுக்குப் பதில் தூசியோ தண்ணீரோ ஷாம்பூவோ உள்ளே போய்விட்டால்தான் தலைவலி. ரெசின் போக இடம் இருக்காது.

படி 1: சாலையோரத்திலேயே டேப்

பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். குழியை விரலால் தேய்க்க வேண்டாம், வைப்பரில் தண்ணீர் அடிக்க வேண்டாம். காய்ந்த துணியால் சுற்றிலும் லேசாகத் துடைத்துவிட்டு, தெளிவான செல்லோ டேப் ஒரு துண்டை மேலே ஒட்டுங்கள். பத்து ரூபாய் டேப்தான், ஆனால் பின்னால் செய்யப்போகும் வேலை எப்படி வரும் என்பதில் பாதி இதில் முடிவாகிவிடும். எனக்கு இப்போது டேஷ்போர்டில் ஒரு சுருள் எப்போதும் கிடக்கிறது.

அடைக்கும்வரை கண்ணாடிக்குச் சூட்டு அதிர்ச்சி கொடுக்காதீர்கள். மே மாத வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிமீது திருப்பினால், உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் விரிந்தே இருக்கும். அந்த இழுவை முழுவதும் விரிசலின் நுனியில்தான் போய்ச் சேரும். ஜன்னல்களைத் திறந்து சூட்டை வெளியே விட்டுவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள். சூடான கண்ணாடியில் பக்கெட் தண்ணீர் ஊற்றுவதும் இதே கதைதான். ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும்போது கதவைப் படாரென்று சாத்தாமல் இருப்பதும் நல்லது.

படி 2: அடைக்கக் கூடியதுதானா?

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மேலே வையுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. உடைப்பு முழுவதும் அதற்குள் மறைந்தால் வீட்டில் முயன்று பார்க்கலாம். அடுத்து, வண்டிக்குள் உட்கார்ந்து அதே இடத்தை உள்பக்கத்தில் நகத்தால் தடவுங்கள். மேடு பள்ளம் தட்டுப்பட்டால் உள்தகடும் போயிற்று. நேராகக் கண்ணாடி மாற்றும் கடைக்குப் போங்கள்.

வட்டமாக இருப்பது அடைக்க எளிது. நட்சத்திரம் மாதிரி கால் நீட்டியிருப்பது கஷ்டம், ஒவ்வொரு காலின் நுனிவரைக்கும் ரெசின் போக வேண்டும். ஓரத்திலிருந்து ஐந்தாறு செ.மீ.க்குள் இருந்தால் தொடாதீர்கள், அங்கே கண்ணாடிக்கு ஏற்கெனவே அழுத்தம் அதிகம். பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் நடுக்கண்ணாடிக்குப் பின்புறம் கேமரா உள்ள வண்டி என்றால் அதன் பார்வைக்கு நேரே உள்ள குழியையும் விட்டுவிடுங்கள்.

ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருந்தால் யோசிக்க வேண்டும். எவ்வளவு நன்றாக அடைத்தாலும் மங்கலாக ஒரு தடம் நிற்கும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் அது மினுங்கும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில், ஸ்டியரிங்குக்கு நேரே 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை விடுவார்கள். இங்கே நமக்கு அந்தச் சோதனை இல்லை என்றாலும் அளவுகோல் நல்ல அளவுகோல். அந்தப் பட்டைக்குள் என்றால் நான் கைவைக்க மாட்டேன், கை தேர்ந்தவரிடம் கொடுத்துவிடுவேன்.

படி 3: காப்பீட்டுக் கணக்கு

வெளியிலிருந்து வந்த கல்லுக்கு வாரண்டி பேசாது. முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், அது நல்ல செய்தி. ஆனால் கட்டாயப் பிடித்தம், அதாவது நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 1500 சி.சி. வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. போதாததற்கு, அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர, முதல் ஆண்டு முடிவில் கிடைக்கவிருந்த 20 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். கண்ணாடியை மாற்றினால் அதில் ஒட்டிய ஃபாஸ்டேகும் செத்துவிடும், உரித்து மறுபடி ஒட்ட முடியாது. கேமரா உள்ள வண்டியில் கேமராவின் பார்வையையும் மறுபடி அளந்து சரியாக அமைக்க வேண்டும். மிளகு அளவுக் குழிக்கு இத்தனை பாடு தேவையா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

படி 4: அடைப்பது

ரெசின் கிட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரப்பர் உறிஞ்சு கால்கள் உள்ள தாங்கி, நடுவில் திருகும் குழாய், அதற்குள் இறங்கும் பிஸ்டன், ரெசின், சின்ன பிளாஸ்டிக் தாள், பிளேடு இருக்கும். பசை வளையமும் சிரிஞ்சும் மட்டும் உள்ள வகையும் உண்டு. எனக்குத் திருகும் வகைதான் பிடித்தது, அழுத்தம் நம் கையில் இருக்கிறது. ஃபெவிகுவிக் வைத்து அடைக்கச் சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது மொறுமொறுப்பாக இறுகிவிடும், பிறகு ரெசினும் உள்ளே போகாது.

நேரம் முக்கியம். ரெசினை இறுக வைப்பது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். வெட்டவெளியில் செய்தால் உள்ளே போகும் முன்பே இறுகத் தொடங்கிவிடும். மதியச் சூட்டில் கண்ணாடியும் தோசைக்கல். அதனால் காலை ஆறரை மணிக்குப் போர்ட்டிகோ நிழலில் தொடங்கினேன். மழை பெய்த மறுநாள் என்றால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது.

1. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். டேப்பை உரித்து, குழியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துகளைக் குண்டூசி நுனியால் மெதுவாக எடுங்கள். தோண்ட வேண்டாம். சுற்றிலும் காய்ந்த துணியால் துடையுங்கள்.

2. தாங்கியைப் பதித்து, குழாயின் ரப்பர் முனை கல் பட்ட குழியின் நேர் மேலே வரும்படி வையுங்கள். சரியாக இருக்கிறதா என்பதை வண்டிக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்க்காமல் விட்டேன். முதல் முறை ரெசின் கண்ணீர் மாதிரி போனெட்டை நோக்கி வழிந்தது. முனை கண்ணாடியில் பதிந்தால் போதும், இறுக்கித் திருகினால் விரிசல் பெரிதாகலாம்.

3. குழாயில் மூன்று நான்கு சொட்டு ரெசின் விட்டுப் பிஸ்டனை மெல்லத் திருகுங்கள். எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பிஸ்டனை வெளியே எடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் உள்ளே சிக்கிய காற்று குமிழாக மேலே வரும். மறுபடி திருகுங்கள். உள்ளேயிருந்து பார்க்கும்போது வெள்ளையோ கருப்போ தெரியாத வரைக்கும் இப்படியே. எனக்கு நான்கு முறை ஆனது. பொறுமை இழப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள்.

4. தாங்கியை எடுத்துவிட்டு, குழியின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பிளாஸ்டிக் தாளைக் குமிழ் இல்லாமல் மூடுங்கள். இப்போது வண்டியை வெயிலுக்கு எடுங்கள். நல்ல வெயிலில் 15 நிமிடம் போதும், மேகமாக இருந்தால் கூடுதலாக விடுங்கள்.

5. தாளை உரித்து, பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்து, மேலே துருத்தி நிற்கும் ரெசினைச் சுரண்டி எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் குழிக்குள் இருப்பதும் பெயர்ந்து வந்துவிடும்.

முடிந்ததும் மாயமாக மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் வண்டியில் காய்ந்த தண்ணீர்த் துளி மாதிரி ஒரு தடம் இருக்கிறது. எனக்குத் தெரியும், ஏறுபவர்களுக்குத் தெரியாது.

அன்று முழுவதும் வண்டியைக் கழுவ வேண்டாம். உள்பக்கக் கண்ணாடியில், தடத்தின் விளிம்புகளுக்கு நேரே மார்க்கரால் சின்னப் புள்ளிகள் வைத்து ஒரு வாரம் கவனியுங்கள். கோடு அந்தப் புள்ளிகளைத் தாண்டினால் கடைக்குப் போக வேண்டியதுதான். போனதும் ஏற்கெனவே ரெசின் போட்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். இறுகிய ரெசினுக்குள் இன்னொரு முறை நிரப்ப முடியாது, அவர்கள் வீணாக முயன்று அதற்கும் பில் போடாமல் இருப்பார்கள்.